திக்கற்ற பிள்ளையின் நியாயம்

வேத பாடம்: 2 இராஜாக்கள் 4:1-7



பிரியமானவர்களே, இந்தப் பாடத்தை வாசிக்குமுன் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வசனங்களை நான் இங்கே எழுதிக் காட்டப்போவதில்லை. நீங்களே திறந்து வாசித்தால்தான் மனதில் நிற்கும். மேலே கொடுத்திருக்கிற ஏழு வசனங்களையும் ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள்.

"குழந்தைகள் உரிமை" என்று யாராவது பேச ஆரம்பித்தால் நம் விசுவாசிகள் பலருக்கு அது ஏதோ உலகத்தார் பேச்சு, சங்கம் வைத்திருக்கிறவர்கள் பேச்சு என்று தோன்றுகிறது. "பிள்ளைகளுக்கு என்ன உரிமை? கீழ்ப்படிதல்தானே வேதம் சொல்லுது" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. கீழ்ப்படிதலை வேதம் சொல்லுவது மெய்தான். ஆனால் உபாகமம் 24:17, ஏசாயா 1:17 இரண்டையும் எடுத்துப் பாருங்கள். திக்கற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது தேவன் எந்த வார்த்தையை உபயோகப்படுத்துகிறார்? இரக்கம் என்றா? தர்மம் என்றா? இல்லை. நியாயம் என்று சொல்லுகிறார். அந்தப் பிள்ளைக்குரிய நியாயத்தை ஒருவனும் புரட்டக்கூடாது, அதை விசாரிக்கவேண்டும் என்கிறார். நியாயம் என்றால் அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டியது ஒன்று நம் கையில் இருக்கிறது, அதைக் கொடுக்காவிட்டால் நாம் கடன்காரர் என்று அர்த்தம். உலகம் "உரிமை" என்கிறதை நம் வேதம் ரொம்ப காலத்துக்கு முன்பே "நியாயம்" என்று எழுதிவைத்துவிட்டது. யாத்திராகமம் 22:22-24-ஐயும் வாசியுங்கள். அதை வாசித்த பிறகு இது சாதாரண விஷயம் என்று ஒருவரும் சொல்லமாட்டீர்கள்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் இறந்துபோகிறான். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன்தான். ஆனாலும் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். (ஊழியக்காரனுக்குக் கடன் வராது என்று பிரசங்கிக்கிற நம் சிலர் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கவேண்டும்.) கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். அவனுக்குப் பானை சட்டி வேண்டாம். இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், அவர்களை அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். தாய் எலிசாவினிடத்தில் ஓடிவந்து முறையிடுகிறாள்.

இது நம்ம பகுதிக்குத் தூரமான கதையா? காசிமேட்டிலும் எண்ணூர் குப்பங்களிலும் இருக்கிறவர்களைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக்கிடக்கும். அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் வந்து நிற்கும். பத்து வட்டிக்கு வாங்காத வீடு எத்தனை? கந்து வட்டி, மீட்டர் வட்டியெல்லாம் குற்றம் என்று 2003-ம் வருஷமே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் சாயங்காலம் ஆனால் பைக்கில் வருகிறவன் வந்துகொண்டுதான் இருக்கிறான். புருஷன் இருக்கிற வீடே தள்ளாடுகிறது. கடலிலோ, துறைமுக வேலையிலோ, கண்டெய்னர் லாரி மோதியோ, குடியினாலோ அவன் போய்விட்டால்? மூத்த பையன் எட்டாவதோடு நின்றுவிடுவான். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் பெட்டி தூக்குவான், அல்லது லேத் பட்டறையில் எடுபிடியாக நிற்பான். யாரும் அவனை அடிமை என்று சொல்லமாட்டார்கள். "குடும்பத்தைக் காப்பாத்துறான், நல்ல பையன்" என்பார்கள். நாமும் ஆமென் சொல்லுவோம்.

பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்பது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக ஒத்தாசை செய்வதற்கு, அதுவும் ஆபத்தில்லாத வேலையாயிருந்தால், விலக்கு உண்டு. பதினெட்டு வயது வரைக்கும் ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது. மீறினால் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நம் சபையில் கடை வைத்திருக்கிற சகோதரர்கள், பட்டறை வைத்திருக்கிற சகோதரர்கள் இதைத் தங்களுக்கென்று வாசித்துக்கொள்ளட்டும்.

நெகேமியா 5-ம் அதிகாரத்தையும் பாருங்கள். அங்கேயும் இதே கூக்குரல்தான். கடனுக்காகக் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்தவேண்டியதாயிற்று என்று ஜனங்கள் கதறுகிறார்கள். நெகேமியா அப்போது அலங்கம் கட்டுகிற பெரிய ஊழியத்தில் இருக்கிறார். "இருங்க, ஆலோசனைக் கூட்டத்தில் வைத்து ஜெபிப்போம்" என்று சொன்னாரா? கோபம் கொண்டார், பிரபுக்களைக் கூப்பிட்டார், சபைகூட்டி நேருக்கு நேர் கேட்டார், திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டுக் கொடுக்கச் செய்தார். அவர் கோபப்பட்ட வட்டி எவ்வளவு தெரியுமா? 11-ம் வசனத்தில் நூற்றில் ஒரு பங்கு. நம் தெருவில் நடக்கிறதை அவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

மறுபடியும் எலிசாவினிடத்துக்கு வாருங்கள். நான் பல வருஷமாக இந்தப் பகுதியை எண்ணெய் பெருகின அற்புதம் என்றே பிரசங்கித்து வந்தேன். எலிசா எதைச் செய்யவில்லை என்று பார்க்கவேயில்லை. அவரிடத்தில் தீர்க்கதரிசிகளின் புத்திரர் கூட்டமாகத் தங்கியிருந்தார்கள். பந்தி வைக்கிற பெரிய பானையே இருந்தது (அதே அதிகாரம், 38-ம் வசனம்). "பையன்களை இங்கே விட்டுவிட்டுப் போம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். அக்கம்பக்கத்தார் பாத்திரங்களை அந்த வீட்டுக்குள் வரச்செய்தார். தாய் வார்க்கிறாள், பிள்ளைகளே பாத்திரங்களை நீட்டிக் கொடுக்கிறார்கள். விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று அனுப்பினார். கடன் போயிற்று. பிள்ளைகள் தாயோடே இருந்தார்கள்.

நம் சபைகளில் இப்போது என்ன வழக்கம்? ஒரு சகோதரி விதவையாகி, "ஐயா, புள்ளைங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று அழுதால், நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏதாவது ஒரு ஹோம். தெரிந்த பாஸ்டர் ஒருவர் நடத்துவார். ஒரு போன், ஒரு சிபாரிசுக் கடிதம். அடுத்த வாரம் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள். நாமும் ஒரு நன்மை செய்த திருப்தியோடு ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

நானே அப்படிச் செய்தவன். மறைக்காமல் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு முன் ஞாயிறு பள்ளிப் பொறுப்பில் இருந்தபோது, எங்கள் பகுதியில் லாரியில் கிளீனராயிருந்தவர் இறந்துபோனார். ஒன்பது வயதுப் பையன், ஆறு வயதுப் பெண். நான்தான் கடிதம் எழுதி வெளி மாவட்டத்தில் ஒரு ஹோமுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தாய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பையன் படம், கையில் நம்பர் போட்ட பலகை, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. "இதுல இன்னா எழுதியிருக்குனு படிச்சி சொல்லுங்கய்யா" என்றார்கள். தாயும் தகப்பனும் இல்லாத அநாதை என்று அச்சடித்திருந்தது. உயிரோடே என் முன்னால் நிற்கிற தாய்க்கு அதை நான் எப்படி வாசிப்பேன்? பையன் நன்றாகப் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறது என்றேன். அது பொய். பிற்பாடு நான் ஆண்டவரிடத்தில் அறிக்கையிட்ட காரியங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பையன் பத்தாவது முடித்துத் திரும்பி வந்தான். தாய் வீட்டில் விருந்தாளி மாதிரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

நம்ம ராயபுரத்திலேயே நடந்த இன்னொரு காரியம். 2020-ம் வருஷம் கொரோனா காலத்தில் சென்னையிலேயே தொற்று மிக அதிகமாயிருந்த மண்டலங்களில் ராயபுரமும் ஒன்று. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே ஜெபித்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஜூன் மாதத்தில் ராயபுரத்திலுள்ள அரசு குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று உறுதியானது. நெருக்கமாய்த் தங்குகிற இடத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும், வேறென்ன? இல்லங்களிலுள்ள பிள்ளைகளைப் பாதுகாப்பது குறித்து உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஏப்ரல் 3-ந் தேதி தானாகவே வழக்கை எடுத்துக் கட்டளைகள் கொடுத்திருந்தது. ஜூன் 11-ந் தேதி ராயபுரம் காரியத்தைக் குறித்துத் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது.

பிரியமானவர்களே, அந்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்குதான் என்னை இந்தப் பாடத்தை எழுதவைத்தது. தொற்று ஆரம்பித்தபோது தேசமெங்கும் இல்லங்களில் இருந்த பிள்ளைகள் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம். அவர்களில் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேரைக் குடும்பங்களுக்குத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். நன்றாய்க் கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போக வீடு இருந்தது! தாயோ, தகப்பனோ, பாட்டியோ, சித்தப்பாவோ ஒருவர் இருந்தார். அநாதைகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் அநேகர் ஏழைகளின் பிள்ளைகள், அவ்வளவுதான். திரும்பிப்போன பிள்ளைகளுக்கு, குடும்பத்தின் நிலைமையைப் பார்த்துப் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் மாநில அரசுகள் கொடுக்கவேண்டும் என்று 2020 டிசம்பர் 15-ல் அதே நீதிமன்றம் சொன்னது.

2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் இதையே சொல்லுகிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. முதல் வழி சொந்தக் குடும்பம். (பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதல் வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான், 1920-ல். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நமக்குத் தெரியாமலிருப்பது வெட்கம்.)

யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தில் மோசேயின் தாய்க்கு நடந்தது நினைவிருக்கிறதா? 9-ம் வசனம். பிள்ளையை வளர்க்கும்படி அரண்மனையிலிருந்தே கூலி வருகிறது. யாருக்கு வருகிறது? பெற்ற தாய்க்கு! சொந்தப் பிள்ளையைத் தன் மடியில் வைத்துப் பால் கொடுக்க ராஜாவின் வீட்டுப் பணம். இதைத்தான் இன்று அரசாங்கத்தில் ஸ்பான்சர்ஷிப் என்கிறார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். விதவைத் தாயின் பிள்ளைகள், கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளருகிறவர்கள், பெற்றோர் தீராத வியாதியில் கிடக்கிற பிள்ளைகள், இப்படிப்பட்டவர்களுக்கு. நகரத்தில் வருஷ வருமானம் 96,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்பது விதி. தாய் தகப்பன் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத ஏழைப் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று 2025 செப்டம்பரில் தமிழக அரசு "அன்புக்கரங்கள்" என்ற திட்டத்தையும் ஆரம்பித்தது.

கேட்டவர் எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அலையவேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் படிக்கிற சான்று, பேங்க் பாஸ்புக் இவ்வளவும் கேட்பார்கள். இதைத் தனியாகச் செய்யமுடியாமல்தான் அந்தத் தாய் பிள்ளையை பஸ் ஏற்றிவிடுகிறாள். அவளோடு கூடப்போக ஒரு ஆள் வேண்டும். எலிசா காலத்தில் அக்கம்பக்கத்தார் வெறும் பாத்திரம் கொடுத்தார்கள். நம்மில் சிலரிடத்தில் இருக்கிற வெறும் பாத்திரம் ஒரு நாள் லீவு. படிவம் நிரப்பத் தெரிந்த கல்லூரி வாலிபரிடத்தில் அது ஒரு பேனா.

அப்படியானால் ஹோமே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லமாட்டேன். 1896-97 பஞ்ச காலத்தில் பண்டித ரமாபாய் அம்மையார் பட்டினியில் கிடந்த பெண்பிள்ளைகளையும் இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் கேட்காவுக்குக் கூட்டிவந்தார்கள். வேறே வழியே இல்லாத பிள்ளைகள். நெசவு, தையல், அச்சு வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 1905-ல் அந்த முக்தி மிஷனில் ஆவியானவர் ஊற்றப்பட்ட எழுப்புதலை நாம் கூட்டங்களில் எவ்வளவு உற்சாகமாய்ச் சொல்லுகிறோம்! எந்தப் பிள்ளைகள் நடுவில் ஊற்றப்பட்டார் என்பதை மாத்திரம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். நம் தமிழ்நாட்டில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் செய்ததும் அப்படிப்பட்ட ஊழியமே. அடிக்கிற வீட்டிலிருந்து, குடித்துவிட்டுத் தொடுகிற கையிலிருந்து ஓடிவந்த பிள்ளைக்கு இன்றைக்கும் ஒரு கூரை வேண்டும். தண்டையார்பேட்டையில் கருணாலயா போன்றவர்கள் 1995 முதல் தெருவோரப் பிள்ளைகள் நடுவில் வேலை செய்துவருகிறார்கள்.

ஆனால் ஹோம் நடத்துகிறவர்கள் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் சிறையும் உண்டு, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. "நாங்க விசுவாசத்துல நடத்துறோம், மனுஷர்கிட்ட போகமாட்டோம்" என்று சில ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐயா, ஆராதனைக் கட்டிடத்துக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க மனுஷரிடத்தில் போகிறோமே! பிள்ளைகள் விஷயத்தில் மாத்திரம் ஏன் இந்த விசுவாசம்? பதிவு இருந்தால் குழந்தைகள் நலக் குழு வந்து பார்க்கும், எத்தனை பேர், எங்கே தூங்குகிறார்கள், யார் அவர்களோடு இருக்கிறார்கள் என்று கேட்கும். கேட்கட்டுமே. வெளிச்சத்தில் இருக்கிறவனுக்கு என்ன பயம்?

கடைசியாக ஆதியாகமம் 21:14-19. ஆகாரும் பையனும் வனாந்தரத்தில். தண்ணீர் தீர்ந்தது. அழுதது யார் என்று 16-ம் வசனத்தில் பாருங்கள், தாய். ஆனால் தேவன் யாருடைய சத்தத்தைக் கேட்டார் என்று 17-ம் வசனம் சொல்லுகிறது? பிள்ளையுடைய சத்தத்தை. பெரியவர்களின் அழுகை எவ்வளவு சத்தமாயிருந்தாலும் பிள்ளையின் சத்தம் தனியாக அவர் காதில் விழுந்தது. 1989 நவம்பர் 20-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்படுத்தின குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், இந்தியாவும் 1992-ல் சேர்ந்தது, பிள்ளையைப் பாதிக்கிற காரியத்தில் பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. நான் அந்த ஒன்பது வயதுப் பையனிடம், "உனக்குப் போக இஷ்டமா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றை எழுதாமல் விடமுடியாது. ஞாயிறு பள்ளியிலோ, விடுமுறை வேதப் பள்ளியிலோ ஒரு பிள்ளை டீச்சரிடம் வந்து, "அந்த அங்கிள் என்னைத் தப்பாத் தொடுறார்" என்று சொன்னால், அந்த அங்கிள் மூப்பராயிருந்தாலும் ஊழியக்காரராயிருந்தாலும் சொந்த மாமாவாயிருந்தாலும், அதைச் சபைக்குள்ளே பேசி முடிக்கக்கூடாது. "சாட்சி கெட்டுப்போகும், நாமம் தூஷிக்கப்படும்" என்று மூடிவைத்த இடங்களில் சாட்சி கெட்டதும் அல்லாமல் இன்னும் பல பிள்ளைகள் கெடுக்கப்பட்டார்கள். 2012-ம் வருஷத்து போக்சோ சட்டத்தின்படி தெரிந்தவர் போலீஸில் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். நம்புங்கள். உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள். 1996-ல் மும்பையில் ஆரம்பித்து தேசமெங்கும் பரவின எண், இரவும் பகலும் எடுப்பார்கள், காசு இல்லை. வேலை செய்யவைக்கப்படுகிற பிள்ளை, அடிபடுகிற பிள்ளை, தனியாகத் திரிகிற பிள்ளை, கல்யாணம் பேசப்படுகிற சின்னப் பெண் எல்லாருக்கும் இதே எண்தான். கண்டெடுத்த பிள்ளையைப் பரிதாபப்பட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுவதும் தவறு. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு முன் கொண்டுபோகவேண்டும்.

வீட்டு ஜெபக் கூட்டங்களில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் 2 இராஜாக்கள் 4-ஐயும் நெகேமியா 5-ஐயும் இரண்டு வாரமாகப் பிரித்து எடுங்கள். ஜெபம் முடிந்தபின் உங்கள் தெருவில் பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளைகள் யார் யார் என்று பேர் சொல்லி எழுதுங்கள். தகப்பன் இல்லாத வீடுகளையும் எழுதுங்கள். நம் சபையார் வீடுதான் என்று இல்லை, எந்த வீடானாலும். தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் மனு போய்ச் சேரவேண்டும். சென்னை மாவட்டத்தார் எந்த ஆபீஸில் கொடுப்பது என்று ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையிலுள்ள கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று சொல்லிக் கேளுங்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் இருக்கிறவர்களுக்குத் திருவள்ளூர். எழுதின பேர்களை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொண்டுவாருங்கள். பின்வரிசை பெஞ்சில் நானும் இரண்டு வாலிபரும் படிவங்களோடு உட்கார்ந்திருப்போம்.